கோழி எரு போட்டும் மக்காச்சோளம் மஞ்சளானது ஏன்?

கேள்வி: ஐயா, குடிமங்கலம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். மேலே செம்மண், கொஞ்சம் தோண்டினால் சுக்கான் (சுண்ணாம்புக் கல்). வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார், நானும் மாமனாரும்தான் பண்ணையம் பார்க்கிறோம். நாலு மாடு இருக்கிறது. போன புரட்டாசியில் என் தம்பி சொன்னான் என்று பிராய்லர் பண்ணையில் ஒரு பேட்ச் முடிந்ததும் அள்ளிய எருவை ஏக்கருக்கு 2 டன் வாங்கி இறைத்தோம். பத்தாம் நாள் மக்காச்சோளம் ஊன்றினோம். எருதான் போட்டாச்சே என்று யூரியாவை நாலு மூட்டையிலிருந்து இரண்டாகக் குறைத்தோம், டி.ஏ.பி. மட்டும் எப்போதும் போல ஒரு மூட்டை. இருபதாம் நாளே பயிர் மஞ்சளடித்துவிட்டது. அப்புறம் தேறினாலும் கதிரின் நுனி வரை மணி பிடிக்கவில்லை. இனி எருவே வேண்டாம், மூட்டை உரம் போதும் என்கிறார் மாமனார். இனி மூட்டையே வேண்டாம், சாணியும் கோமியமும் கரைத்த ஜீவாமிர்தம் போதும் என்கிறான் தம்பி. பாதிக்குப் பாதி போட்டால் சரியாகுமா? கதிர் எடுத்த மக்காச்சோளத் தட்டை விற்றுவிடலாமா என்றும் மாமனார் கேட்கிறார்.

பதில்: அம்மிணி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் பயிர் மஞ்சளானதற்கு எருவும் காரணமில்லை, மூட்டையைக் குறைக்க நினைத்ததும் தப்பில்லை. எருவைப் போட்ட நேரமும் யூரியாவைக் குறைத்த கணக்கும்தான் பிசகிவிட்டன. மாமனாரும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பதில் இந்த இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் அந்த எரு. பல்லடம், உடுமலை வட்டாரத்தில் பிராய்லர் கொட்டகைகளில் கீழே பரப்புவது பெரும்பாலும் தென்னை நார்த்தூள். ஒரே ஒரு பேட்ச் முடிந்து அள்ளினால் அதில் கோழி எச்சத்தைவிட நார்த்தூள்தான் அதிகமாக இருக்கும். பச்சை நார்த்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) நூறு பங்குக்கு மேல் கரி (கார்பன்) இருக்கிறது. இதை மண்ணில் போட்டால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்தக் கரியைத் தின்னப் பாயும். தின்பதற்கு அவற்றுக்குத் தழைச்சத்தும் வேண்டும், அதை எருவிலிருந்தும் மண்ணிலிருந்தும், நீங்கள் போட்ட யூரியாவிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். முதல் பந்தியில் நுண்ணுயிர்கள் உட்கார்ந்துவிட்டன, உங்கள் பயிர் பந்தியில் இலை கிடைக்காமல் வெளியே நின்றது, அவ்வளவுதான் நடந்தது. ஒன்றிரண்டு மாதம் கழித்து அவை செத்து மட்கும்போது அந்தச் சத்து திரும்பி வரும். பயிர் தேறியதாகச் சொல்கிறீர்களே, அது இதனால்தான். ஆனால் மக்காச்சோளம் 105, 110 நாள் பயிர். முழங்கால் உயரம் வந்ததிலிருந்து ஆண்பூ வெளியே வருகிற வரைக்கும் உள்ள ஒரு மாதத்தில்தான் அது தழைச்சத்தை அள்ளி அள்ளிக் குடிக்கும், கதிரில் எத்தனை மணி என்பதும் அந்தச் சமயத்தில்தான் முடிவாகிறது. அப்போது பட்டினி கிடந்த பயிருக்கு அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் நுனி மணி நிறையாது. (பட்டு நூல் விடுகிற வாரத்தில் தண்ணீர் தட்டுப்பட்டாலும் நுனி இப்படித்தான் காயும். அந்த வாரம் வாய்க்கால் தண்ணீர் வந்ததா, போர்வெல்லை நம்பி ஓட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.)

எந்த இலை மஞ்சளானது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே இருக்கிற பழைய இலையில், நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கி மஞ்சள் ஓடினால் அது தழைச்சத்துக் குறை. மேலே குருத்திலிருந்து வருகிற புது இலையில், அடிப்பாதியில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் வெளுத்த பட்டை பட்டையாக இருந்தால் அது துத்தநாகம், வெண்குருத்து என்பார்கள். குருத்து இலை அடியிலிருந்து நுனி வரை நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளுப்பாகவும் கோடு கோடாக இருந்தால் இரும்புச்சத்து. உங்கள் ஊர் சுக்கான் மண்ணில் இந்த இரண்டும் சகஜம்.

உங்களுக்குத் தழைச்சத்தோடு துத்தநாகமும் சேர்ந்தே குறைந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். கோழி எருவில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம். அதன் மேல் மணிச்சத்து நிறைந்த டி.ஏ.பி.யையும் ஒரு முழு மூட்டை போட்டிருக்கிறீர்கள். மணிச்சத்து ஏறினால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது இறங்கும், சுண்ணாம்பு உள்ள மண்ணில் இன்னும் மோசம். ஆக, அவ்வளவு குறைக்கக் கூடாத யூரியாவைக் குறைத்துவிட்டு, குறைத்திருக்க வேண்டிய டி.ஏ.பி.யை அப்படியே விட்டுவிட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நான் வேலை பார்த்த காலத்தில் நூறு தோட்டத்தில் இதே தவறைப் பார்த்திருக்கிறேன், எங்கள் சொந்தத் தோட்டத்திலும் ஒரு வருசம் நடந்தது. எரு என்றதும் எல்லாருக்கும் யூரியா ஞாபகம்தான் வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற அளவு ஹெக்டேருக்கு 250 கிலோ தழை, 75 மணி, 75 சாம்பல் (பொட்டாசியம்) சத்து. ஏக்கர் கணக்கில் கிட்டத்தட்ட 100, 30, 30. இதோடு ஏக்கருக்கு 5 டன் தொழு எருவும் அடக்கம். இதைப் பல பேர் கவனிப்பதில்லை, அந்தப் பரிந்துரையே எருவும் மூட்டையும் சேர்ந்த பரிந்துரைதான்.

யூரியா மூட்டை 2018-லிருந்து 45 கிலோ. அதில் தழைச்சத்து 20.7 கிலோ. பழைய 50 கிலோ மூட்டை ஞாபகத்தில் எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். டி.ஏ.பி. ஒரு மூட்டையில் தழை 9, மணி 23 கிலோ. பொட்டாஷ் ஒரு மூட்டையில் சாம்பல் 30 கிலோ. போன வருசம் நீங்கள் கொடுத்தது இரண்டு யூரியா, ஒரு டி.ஏ.பி., மொத்தம் தழைச்சத்து 50 கிலோ. பயிர் கேட்டது 100. மீதி 50-ஐ எரு கொடுத்துவிடும் என்று நம்பினீர்கள்.

நன்றாக மட்கிய கோழி எருவில் 2 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், கொட்டகைக்குக் கொட்டகை மாறும், நான் குறைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். இரண்டு டன்னில் 40 கிலோ. அதில் முதல் போகத்தில் பயிருக்கு வருவது பாதி, 20 கிலோ. மீதி மண்ணில் தங்கி அடுத்தடுத்த போகத்துக்கு வரும். அப்படியென்றால் யூரியாவில் நீங்கள் குறைத்திருக்கக் கூடியது ஒரு மூட்டைக்கும் குறைவு. ஆனால் அதே எருவில் மணிச்சத்து 20 கிலோவுக்குமேல் இந்தப் போகத்துக்கே வந்துவிடும், சாம்பல் சத்தும் அதே அளவுக்கு வரும். அதனால் டி.ஏ.பி. அரை மூட்டை, பொட்டாஷ் அரை மூட்டை போதும். டி.ஏ.பி.யை அடியோடு நிறுத்த வேண்டாம், முளைத்து வருகிற வேருக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரையும் மணிச்சத்து இருப்பது சுக்கான் மண்ணில் நல்லது.

இப்போது "பாதிக்குப் பாதி" என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் புரிந்திருக்கும். பாதி என்று ஒரு அளவே கிடையாது. எருவில் ஒவ்வொரு சத்தும் இந்தப் போகத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து, அதைக் கழித்துக்கொண்டு, மீதியை மூட்டையிலிருந்து பயிர் கேட்கிற நாளில் கொடுப்பது. தழையில் கழிவது கொஞ்சம், மணியிலும் சாம்பலிலும் கழிவது நிறைய.

உங்கள் மாட்டு எருவுக்குக் கணக்கு வேறு. ஒரு மாடு நாளைக்கு 10 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும், நாலு மாட்டுக்கு வருசத்தில் 14 டன் பச்சைச் சாணி, மட்கி முடிந்தால் ஏழெட்டு டன். ஏக்கருக்கு 5 டன் என்றால் ஒன்றரை ஏக்கருக்குத்தான் வரும். மூன்று ஏக்கருக்கும் தூவிவிடாதீர்கள், அது எங்கேயும் பத்தாது. இந்த வருசம் ஒன்றரை ஏக்கருக்கு மாட்டு எரு, மற்ற ஒன்றரைக்குக் கோழி எரு, அடுத்த வருசம் மாற்றிப் போடுங்கள். கோழி எருவை ஒரே காட்டில் வருசா வருசம் போட்டுக்கொண்டே போனால் மணிச்சத்து ஏறி துத்தநாகத் தொல்லை நிரந்தரமாகிவிடும், இப்படி மாற்றினால் அதுவும் வராது. மாட்டு எரு போட்ட ஏக்கருக்கு மூட்டை கணக்கில் பெரிதாகக் கழிக்க வேண்டாம். யூரியா நாலு மூட்டை, டி.ஏ.பி. ஒரு மூட்டை, பொட்டாஷ் ஒரு மூட்டை. மண் பரிசோதனை அட்டையில் சாம்பல் சத்து அதிகம் என்று வந்திருந்தால் பொட்டாஷை அரையாக்குங்கள்.

கோழி எரு ஏக்கருக்கு இப்படி: ஆடி மாதமே எருவை வாங்கி நிழலில் குவித்து வைத்துவிடுங்கள். பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது, அந்த அளவுக்குத் தண்ணீர் தெளித்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிளறிவிட்டு, மேலே தென்னங்கீற்றோ பழைய தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். கூடவே கொஞ்சம் மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்றினால் சீக்கிரம் மட்கும். இரண்டு, இரண்டரை மாதத்தில் நிறம் கறுத்து, கண்ணை எரிக்கிற வாடை போய், கையை உள்ளே விட்டால் சூடு இல்லாமல் இருக்கும். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சட்டியில் அந்த எருவையும் மண்ணையும் சரிபாதி கலந்து பத்துப் பச்சைப்பயறு போட்டுப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் எரு தயார். புதுக் கோழி எருவை நேராகச் சாலில் போட்டால் உப்பும் அம்மோனியாவும் முளையைக் கருக்கிவிடும், அதற்கும் இந்தச் சட்டிச் சோதனையே போதும். எருவை இறைத்த அன்றே உழுது மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள், வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் போய்விடும்.

விதைக்கிற அன்று அரை மூட்டை டி.ஏ.பி., அரை மூட்டை பொட்டாஷ், அரை மூட்டை யூரியா, விதைக்குக் கொஞ்சம் தள்ளி. இருபத்தைந்தாம் நாள் இரண்டு மூட்டை யூரியா. நாற்பத்தைந்தாம் நாள் ஒரு மூட்டை. மொத்தம் மூன்றரை. இருபத்தைந்தாம் நாள் உரத்தைத் தூவிவிட்டு வராதீர்கள், களை வெட்டி, செடியோரமாகப் போட்டு, மண் அணைத்து, உடனே தண்ணீர் கட்டுங்கள். உங்களைப் போன்ற சுண்ணாம்பு மண்ணில் யூரியா மேலாகக் கிடந்தால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். உங்கள் பாசன மண்டலத்துக்குப் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) தண்ணீர் விடுகிற வருசமாக இருந்தால் முறைத் தண்ணீர் வருகிற நாளைப் பார்த்து உரத்தை நாலு நாள் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள், 25 என்பது பஞ்சாங்கத்தில் குறித்த முகூர்த்தம் இல்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அந்த வாரம் யூரியா போடாமல் காத்திருங்கள், செம்மண்ணில் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

துத்தநாகத்துக்கு ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 15 கிலோ. இதை டி.ஏ.பி.யோடு கலந்து போடக் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போகும். பத்துப் பங்கு மட்கிய எருவோடு கலந்து, ஈரமாக்கி, நிழலில் ஒரு மாதம் வைத்திருந்து கடைசி உழவில் போடுங்கள். எருவும் உப்பு உரமும் சேர்வதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், தனியாகப் போட்டால் சுண்ணாம்பு விழுங்கிவிடுகிற துத்தநாகத்தை எரு பிடித்து வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். அதையும் மீறிக் குருத்து வெளுத்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளியுங்கள். அசோஸ்பைரில்லம் என்கிற நுண்ணுயிர் உரம் போடுவதென்றால் மூட்டை உரத்தோடு கலக்காமல் தனியாக எருவில் கலந்து போடுங்கள், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தம்பிக்கு ஒரு வார்த்தை. அவன் மண்ணைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம், அவனைத் திட்டாதீர்கள். ஆனால் ஜீவாமிர்தத்தில் என்ன இருக்கிறது என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணீர். எல்லாவற்றையும் கூட்டினாலும் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. ஒரு டன் மக்காச்சோள மணி விளைய, தட்டும் சேர்த்துப் பயிர் 20 முதல் 25 கிலோ தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுக்கிறது. ஏக்கருக்கு மூன்று டன் வேண்டுமென்றால் பெருக்கிப் பாருங்கள். ஜீவாமிர்தம் ஊற்றுவதால் கெடுதல் இல்லை, மண்ணில் உயிர் ஓட்டத்துக்கு உதவட்டும், சாப்பாடாக அதை எண்ணக் கூடாது. கொள்ளு, எள்ளு, சாமை என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். வீரிய ஒட்டு மக்காச்சோளம் அசுரப் பசிக்காரப் பயிர்.

மாமனாருக்கும் ஒரு வார்த்தை, அதுவும் நம் ஊர்க் கதைதான். கோவை வேளாண்மைக் கல்லூரியில் 1909-ல் ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் தொடங்கினார்கள். அப்புறம் 1972-லிருந்து அதே கோவையில் ராகி, அது முடிந்ததும் மக்காச்சோளம் என்று இன்னொரு நீண்ட காலச் சோதனை நடக்கிறது. ஒரு பாத்திக்குத் தழை மட்டும், ஒன்றுக்குத் தழையும் மணியும், ஒன்றுக்கு மூன்றும், ஒன்றுக்கு மூன்றோடு தொழு எரு, இப்படி வருசக் கணக்காக அதே பாத்தியில் அதே உரம். முன்னால் நிற்பது மூன்று சத்தோடு எருவும் போட்ட பாத்தி. யூரியா மட்டும் கொடுத்த பாத்தி விளைச்சலில் கடைசி வரிசையில் கிடக்கிறது. ஐம்பது வருசமாக அந்த மண் சொல்லிக்கொண்டே இருக்கிறது, மாமனாருக்கு அதைக் காட்டிலும் பெரிய சாட்சி என்னிடம் இல்லை. எரு இல்லாத செம்மண் ஈரம் தாங்காது, போட்ட யூரியாவையும் பிடித்து வைக்காது. நாலு மூட்டை போட்ட இடத்தில் அஞ்சு, ஆறு என்று முட்டுவழிச் செலவு ஏறிக்கொண்டே போவது அதனால்தான். இன்னொன்று, யூரியா மிஞ்சிப்போய்க் கொழுத்த பயிரின் இளங்குருத்தைப் படைப்புழு விட்டுவைக்காது. 2018-க்குப் பிறகு மக்காச்சோளம் வைக்கிற எல்லாருக்கும் அந்தப் புழு வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் செய்வதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நான் மேலே சொன்ன அளவு எல்லாம் அட்டையைப் பார்க்காமல் சொன்னது. ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில், குப்பைக் குவியல் கிடந்த இடமும் மரத்தடியும் வாய்க்கால் ஓரமும் இல்லாமல், அரை அடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ எடுத்தால் போதும். கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்று வந்தால், எரு வேண்டாம் என்கிற மாமனார் கையில் அட்டையைக் கொடுங்கள். கார அமில நிலை 8-ஐத் தாண்டியிருந்தால் துத்தநாகத்தை மறக்காதீர்கள்.

கடைசியாகத் தட்டு. விற்காதீர்கள் அம்மிணி. மக்காச்சோளம் எடுக்கிற சாம்பல் சத்தில் பெரும்பங்கு மணிக்குப் போவதில்லை, தட்டில்தான் நிற்கிறது. இரண்டு டன் காய்ந்த தட்டை ஏற்றி அனுப்பினால் கிட்டத்தட்ட ஒரு மூட்டை பொட்டாஷையும் சேர்த்து ஏற்றி அனுப்புகிறீர்கள். நாலு மாடு இருக்கிறது, வெட்டிப் போடுங்கள், தின்றது போக மிஞ்சிய அடித்தட்டைக் கட்டுத்தரையில் மாட்டுக்குக் கீழே பரப்பிவிடுங்கள். மாடு தின்ற சாம்பல் சத்தில் பெரும்பகுதி கோமியத்தில்தான் வெளியே வருகிறது, நம் ஊரில் பாதிப் பேர் அதைச் சாக்கடையில் ஓட விடுகிறார்கள். தரையில் தட்டும் ஒரு கூடை செம்மண்ணும் போட்டால் அது அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அதை வாரத்துக்கு ஒரு தடவை வாரி, குப்பைக்குழியில் சாணியோடு போட்டு, குழிக்கு மேலே வெயில் படாமல் ஒரு கீற்றுப் பந்தல் போட்டுவிடுங்கள்.